வயிற்றை நீவக் கற்றுக்கொள்ள: சீனாவின் ஒன்பது சுற்று, ஜப்பானியக் கையோடு

என் வயிற்றை நானே முதன்முதலில் நீவிக்கொண்டபோது சப்பாத்தி மாவைப் பிசைவதுபோல் பிசைந்தேன். மறுநாள் இருமினால்கூட வலித்தது. ஜப்பானின் சைதாமாவில் வேலையில் இருந்த காலம் அது. நாளுக்குப் பத்து மணி நேரம் நாற்காலி, மூன்று நாளைக்கு ஒருமுறை கழிப்பறை. ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு அவசரமாகச் செய்த வேலைக்குக் கிடைத்த பலன்.

வலி அடங்கியதும், கூட வேலை பார்த்த ஒருவர் தனக்குப் பழக்கமான ஒரு முதியவரிடம் அழைத்துப் போனார். பார்வை இல்லாதவர். மல்லாந்து படுக்கச் சொன்னார், என் தொப்புள் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்ததோடு சரி. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். கை நகரவே இல்லை. இதற்கா காசு என்று எனக்குள் ஓடியது. அப்புறம் கவனித்தேன்: நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன், வயிறு பலகைபோல் இறுகிக் கிடந்தது. அது தளரும்வரை அவர் காத்திருந்தார். தளர்ந்த பிறகுதான் விரல்கள் அசைந்தன.

இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாவற்றையும் மறந்துவிட்டாலும் அந்த மூன்று நிமிடத்தை மட்டும் நினைவில் வையுங்கள். தொடங்குகிறவர்கள் கெட்டுப்போவது இரண்டே இடங்களில்தான்: அதிகமாக அழுத்துவது, வேகமாகச் செய்வது.

எங்கிருந்து வந்தது

ஜப்பானில் இதற்கு 'அன்புகு' என்று பெயர். 'அன்' என்றால் அழுத்துவது, 'புகு' என்றால் வயிறு. சேர்த்துச் சொன்னால் நம் காதில் 'அன்புக்கு' என்றே விழும். பெயர் எனக்கு ஒரே தடவையில் மனதில் நின்றதற்கு அதுதான் காரணம். 1827-இல் ஓட்டா ஷின்சாய் என்பவர் இதைப் படங்களோடு விளக்கி 'அன்புகு ஸுகாய்' என்ற நூலை வெளியிட்டார். அதற்கும் முன்பே, 18-ஆம் நூற்றாண்டில், யோஷிமாசு தோதோ என்ற மருத்துவர் நோய்களுக்கெல்லாம் வேர் வயிற்றில்தான் இருக்கிறது, ஆகவே வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் மருந்து கொடுக்கக் கூடாது என்ற கருத்தில் உறுதியாக நின்றார். மூலிகை மருந்து கொடுக்கும் ஜப்பானிய மருத்துவர்கள் இன்றைக்கும் வயிற்றை அமுக்கிப் பார்ப்பது அந்த மரபில்தான்.

மசாஜும் அக்குபங்சரும் ஜப்பானில் நெடுங்காலம் பார்வையற்றவர்களின் தொழிலாக இருந்தன. 17-ஆம் நூற்றாண்டில் சுகியாமா வாய்ச்சி என்ற பார்வையற்ற அக்குபங்சர் நிபுணர், பார்வையற்றவர்களுக்கென்றே பயிற்சிப் பள்ளிகள் நடத்தினார். ஊசியை வலிக்காமல் இறக்கும் சிறு குழாயைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். என் வயிற்றில் கை வைத்த முதியவர் அந்த நீண்ட வரிசையில் ஒருவர்.

சீனாவில் இதை 'மோ ஃபூ' என்பார்கள். வயிற்றைத் தேய்ப்பது என்று பொருள். 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மருத்துவர் சுன் சிமியாவ், சாப்பிட்டதும் படுக்காமல் மெல்ல உலாவச் சொல்கிறார். பிறகு யாரையாவது விட்டுப் பொடி தூவி வயிற்றை நூற்றுக்கணக்கான தடவை தேய்க்கச் சொல்கிறார், செரிமானம் எளிதாகுமாம். எண்ணெய் சொல்லவில்லை, பொடி சொல்கிறார், கவனியுங்கள். கொரியாவில் இது வைத்தியமாக இல்லாமல் வீட்டுப் பழக்கமாகவே இருக்கிறது. குழந்தைக்கு வயிறு வலித்தால் அம்மா வயிற்றைத் தடவிக்கொண்டே 'அம்மா கை மருந்துக் கை' என்று பாட்டுப்போலச் சொல்வாள்.

ஜப்பானிய மொழியில் வயிறு என்பதற்குப் பேச்சுச் சொல் 'ஹரா'. கோபம் வந்தால் 'ஹரா எழுந்து நிற்கிறது' என்பார்கள். மனம் விட்டுப் பேசினால் 'ஹராவைப் பிளந்து பேசுவது'. சூழ்ச்சிக்காரன் 'கறுத்த ஹரா' உள்ளவன். வயிற்றெரிச்சலும், வயிற்றில் புளியைக் கரைப்பதும், வயிற்றில் பால் வார்ப்பதும் உள்ள மொழியில் பிறந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

'ச்சீ நே த்சாங்' என்ற முறையும் உண்டு. சீனத் தாவோ மரபைச் சொல்லி, தாய்லாந்தைச் சேர்ந்த மந்தக் ச்சியா என்பவர் கற்பித்தது. தொப்புளைச் சுற்றி ஆழமாக இறங்கும் முறை. அதை ஆசிரியர் இல்லாமல் தொடாதீர்கள், அதனால் இங்கே விட்டுவிடுகிறேன்.

நாம் கற்கப்போவது சீனாவின் 'ஆயுளை நீட்டும் ஒன்பது சுற்று'. ஃபாங் காய் என்ற முதியவர் சொல்லிக்கொடுத்ததாக, சிங் அரச காலத்தில், 18-ஆம் நூற்றாண்டில் எழுத்தில் பதிவானது. ஆயுள் நீளுமா என்பது எனக்குத் தெரியாது. இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு: தனக்குத் தானே செய்துகொள்ள வசதியாக அமைந்த முறை, கணக்கு தெளிவாக இருக்கிறது, விரல்கள் லேசாகத் தேய்க்க வேண்டும், மெதுவாக நகர வேண்டும் என்று மூலக் குறிப்பே கண்டிப்பாகச் சொல்கிறது.

யார் செய்யக் கூடாது

இதைத் தாண்டிக் குதித்துவிட்டுக் கீழே போகாதீர்கள்.

கர்ப்பமாக இருப்பவர்கள் வேண்டாம். இருக்கலாமோ என்ற சந்தேகம் உள்ளவர்களும் வேண்டாம். கருத்தடை வளையம் போட்டிருந்தால் முதலில் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்து காயம் முழுதாக ஆறாதவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், வயிற்றில் புற்றுநோய் என்று சொல்லப்பட்டவர்கள், காலிலோ வயிற்றிலோ ரத்தக்கட்டு உள்ளவர்கள், குடல் புண்ணோ குடல் அழற்சியோ மும்முரமாக இருப்பவர்கள், பித்தப்பைக் கல்லோ சிறுநீரகக் கல்லோ வலி கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் செய்யக் கூடாது. வயிற்றுப் பெருந்தமனி வீங்கியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்திருந்தால் வயிற்றை அழுத்தவே கூடாது. மாதவிடாயில் போக்கு அதிகமுள்ள நாட்களில் விட்டுவிடுங்கள்.

திடீரென்று வந்த வயிற்றுவலிக்கு இது வைத்தியமே இல்லை. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம், அதை நீவினால் ஆபத்து. காய்ச்சலோடு வலி, நிற்காத வாந்தி, வயிறு உப்பிக்கொண்டு மலமும் வாயுவும் பிரியாமல் இருப்பது, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது: இவற்றில் எது இருந்தாலும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

பாய், தலையணை, சூடு

சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சுன் சிமியாவ் சொன்னது சாப்பாட்டுக்குப் பின் லேசாகத் தடவுவது. இது வேறு, வெறும் வயிற்றில் செய்வது. காலையில் எழுந்ததும் செய்வதுதான் உத்தமம். விழித்தெழும் நேரத்தில் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும், அதோடு சேர்ந்து நாமும் ஒரு கை கொடுக்கிறோம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். பை நிறைந்திருந்தால் அடிவயிற்றைத் தொடும்போதெல்லாம் எழுந்து ஓடத் தோன்றும்.

மெத்தை வேண்டாம், உடல் அமிழ்ந்துபோகும். தரையில் பாய் அல்லது ஜமக்காளம், தாழ்வான தலையணை. மூலக் குறிப்பு காலைச் சேர்த்து நீட்டிப் படுக்கச் சொல்கிறது. எனக்கு அப்படிப் படுத்தால் இடுப்பு வளைந்து வயிறு இழுக்கும். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய போர்வையோ இன்னொரு தலையணையோ வைத்துப் பாருங்கள். வயிற்றுச் சுவர் உடனே தளரும். புதியவர்களுக்கு இதுதான் நல்லது.

நகம் வெட்டுங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள். இடுப்புக் கயிறு, எலாஸ்டிக், பெல்ட் எதுவும் அழுத்தக் கூடாது. மெல்லிய பருத்தித் துணிக்கு மேலேயே செய்யலாம், அன்புகுவும், ஷியாட்சு என்ற ஜப்பானிய விரலழுத்த முறையும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கின்றன. வெறும் தோலில் செய்வதானால் கொஞ்சம் டால்கம் பவுடர் போதும். எண்ணெய் தடவினால் கை வழுக்கி வேகமாக ஓடும். வேகம்தான் நமக்கு ஆகாது.

வயிறு குளிரக் கூடாது. ஜப்பானியர்கள் இதில் மிகக் கறார். வயிற்றைச் சுற்றிக் கட்டும் 'ஹராமாகி' என்ற துணிப்பட்டை அங்கே கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். வயிற்றைத் திறந்து போட்டுத் தூங்கினால் இடி தேவன் வந்து தொப்புளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான் என்று குழந்தைகளை மிரட்டுவார்கள். மின்விசிறியை நிறுத்தி, இரண்டு உள்ளங்கையையும் சுடும்வரை தேய்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த கை பட்டால் வயிறு சட்டென்று இறுகும், பிறகு அதைச் சமாதானப்படுத்தவே பாதி நேரம் போய்விடும்.

முதல் மூன்று நிமிடம்

வலது உள்ளங்கையைத் தொப்புள் மேல் வையுங்கள், இடது கையை அதன் மேல். அழுத்தம் கூடாது, கையின் சொந்த எடை போதும். மூச்சை மாற்ற முயலாதீர்கள். கை எழுவதையும் இறங்குவதையும் மட்டும் கவனியுங்கள்.

நெஞ்சு மட்டும் எழும்பி வயிறு அசையாமல் இருந்தால், நீங்கள் இறுகியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். மூச்சை வெளியே விடும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டுங்கள். மெல்ல மெல்ல வயிறு கையைத் தூக்கத் தொடங்கும்.

தொப்புளுக்கு அருகே 'டிக் டிக்' என்று ஒரு துடிப்பு தெரியலாம். ஒல்லியானவர்களுக்குக் கண்ணாலேயே தெரியும். முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெருந்தமனியின் துடிப்பு அது, பயப்பட வேண்டாம். ஆனால் துடிப்பு அகலமாக, விரல்களைப் பக்கவாட்டில் தள்ளுவதுபோல் இருந்தால், அதுவும் வயதானவராகவோ புகைபிடிப்பவராகவோ இருந்தால், நீவுவதை நிறுத்திவிட்டு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் கையை இடம் மாற்றிப் பாருங்கள். நெஞ்செலும்பு முடியும் பள்ளத்தில் கொஞ்ச நேரம். நமக்கு அது நெஞ்சுக்குழி, சீனர்களுக்கு 'சின் வோ', நெஞ்சின் கூடு. பிறகு அடிவயிறு, வலது பக்கம், இடது பக்கம். எங்கே சூடு, எங்கே குளிர்ச்சி, எங்கே மெத்தென்று, எங்கே தடுக்கிறது என்று பாருங்கள். ஜப்பானிய மரபில் மேல்வயிறு மென்மையாகவும் அடிவயிறு திடமாகவும் இருப்பது நல்ல நிலை. கவலையில் உழல்பவர்களுக்கு இது தலைகீழாக இருக்கும் என்பார்கள். என் வயிறு அந்த முதியவர் கைக்கு அப்படித்தான் இருந்ததாம். நெஞ்சுக்குழிக்குக் கீழே விரலால் லேசாகத் தட்டும்போது தண்ணீர்ப் பானை குலுங்குவதுபோல் சத்தம் கேட்டால், அதையும் அங்கே ஒரு குறியாக எடுத்துக்கொள்வார்கள். செரிமானம் மந்தம் என்பதற்கு.

இடங்களை அடையாளம் காண ஒரு கணக்கு இருக்கிறது. சீன முறையில் உங்கள் உடலுக்கு உங்கள் விரல்தான் அளவுகோல். கட்டைவிரல் அகலம் ஒரு 'சுன்', நான்கு விரலைச் சேர்த்து வைத்தால் மூன்று சுன். தொப்புளுக்கும் நெஞ்செலும்பின் நுனிக்கும் நட்டநடுவில் உள்ள புள்ளி 'சோங் வான்', இரைப்பைக்கானது. தொப்புளின் இருபுறமும் இரண்டு சுன் தள்ளி, அதாவது மூன்று விரல் அகலத்தில், 'தியான் ஷு'. மலச்சிக்கலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அக்குபங்சர்காரர்கள் தேடும் புள்ளி இது. தொப்புளுக்குக் கீழே இரண்டு விரலில் 'சீ ஹாய்', ஆற்றலின் கடல். நான்கு விரலில் 'குவான் யுவான்'. இந்தப் பகுதியைத்தான் ஜப்பானியர்கள் 'தான்தென்' என்பார்கள். புள்ளிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒன்பது சுற்றும் இவற்றின் மேலேதான் போய் வரும்.

ஒன்பது சுற்று

திசை குழம்பாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். உங்கள் வயிற்றின் மேல் ஒரு கடிகாரம் இருப்பதாக, அதன் 12 தலைப்பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முள் போகும் திசையில் கை போனால், உங்கள் வலது பக்கம் மேலே ஏறி, விலாவுக்குக் கீழே குறுக்கே போய், இடது பக்கம் கீழே இறங்கும். பெருங்குடலும் அப்படியே ஓடுகிறது: வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே, குறுக்கே, இடதில் கீழே, ஆசனவாய்க்கு. கடிகாரத் திசையை இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான்.

முதல் சுற்று நெஞ்சுக்குழியில். இரண்டு கையின் நடு மூன்று விரல்களையும் அங்கே சேர்த்து வைத்து, கடிகாரத் திசையில் சிறு வட்டமாக 21 தடவை. எலும்பின் நுனியை அழுத்தாதீர்கள், அதற்குக் கீழே உள்ள மென்மையான இடத்தில் மட்டும். ஒரு வட்டத்துக்கு மூன்று நான்கு விநாடி எடுக்க வேண்டும். 21 வட்டம் 20 விநாடியில் முடிந்துவிட்டால் நீங்கள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

இரண்டாவதில், அதே விரல்கள் வட்டம் போட்டுக்கொண்டே நெஞ்சுக்குழியிலிருந்து நடுக்கோட்டில் கீழே நகர்ந்து, தொப்புளைத் தாண்டி, அடியில் உள்ள எலும்பு தட்டுப்படும்வரை போகும். மூன்றாவதில் அந்த எலும்பிலிருந்து இரண்டு கையும் பிரிந்து, ஒன்று வலப்பக்கமாகவும் மற்றது இடப்பக்கமாகவும் வட்டமிட்டுக்கொண்டே மேலேறி, நெஞ்சுக்குழியில் மறுபடி சந்திக்கும். இந்த இரண்டிலும்தான் வயிறு என்ன சொல்கிறது என்று நன்றாகத் தெரியும். கட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் அதன் மேல் போரிட வேண்டாம். அங்கே கையை நிறுத்தி, இரண்டு மூச்சு விட்டுவிட்டு நகருங்கள். இடது அடிவயிற்றில் கயிறுபோல் உருளுவது பெரும்பாலும் மலம் தேங்கிய குடல்தான். எப்போதும் ஒரே இடத்தில் நகராமல் கட்டி தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான்காவது நேர்க்கோடு. நெஞ்சுக்குழியிலிருந்து அடி எலும்புவரை மூன்று விரல்களால் நேராகக் கீழே தள்ளுங்கள், 21 தடவை. மூச்சை விடும்போது தள்ளுவது, இழுக்கும்போது கையை எடுத்து மேலே கொண்டுபோவது. இதில் எல்லோரும் ஒரு தவறு செய்வார்கள். மேலே போகும்போதும் தேய்ப்பார்கள். வேண்டாம், ஒரு திசைதான்.

ஐந்தாவதில் வலது உள்ளங்கையால் தொப்புளைச் சுற்றிக் கடிகாரத் திசையில் 21. ஆறாவதில் இடது கையால் எதிர்த்திசையில் 21. முதலில் தொப்புளை ஒட்டிச் சின்ன வட்டம், போகப் போக விரியட்டும். ஆறாவது குடல் ஓடும் திசைக்கு எதிராயிற்றே என்று கேட்பீர்கள். மரபில் இரண்டு திசையும் சமநிலைக்காக. மலச்சிக்கலுக்காகவே செய்கிறவர் ஆறாவதை விட்டுவிட்டு ஐந்தாவதை இரண்டு தடவை செய்துகொள்ளலாம். மரபைக் கறாராகப் பின்பற்றுகிறவர்கள் இதற்கு என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

ஏழாவது கொஞ்சம் கோணலானது. இடது கையால் இடது இடுப்பை, விலாவுக்குக் கீழே உள்ள மெத்தென்ற இடத்தில், கட்டைவிரல் முன்னேயும் மற்ற நான்கு விரல் பின்னேயும் இருக்கும்படி லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வலது கையின் மூன்று விரல்களால் இடது மார்புக்குக் கீழிருந்து தொடை மடிப்புவரை நேராகத் தள்ளுங்கள், 21 தடவை. எட்டாவதில் கை மாற்றி வலது பக்கம். விலா எலும்பின் மேல் போகும்போது தோலைத் தடவுவதோடு நிறுத்துங்கள், அழுத்தம் விலா முடிந்த பிறகுதான்.

ஒன்பதாவதுக்குப் பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி மெதுவாக எழுந்து சம்மணம் போட்டு உட்காருங்கள். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடி முழங்கால்களின் மேல் வையுங்கள். இடுப்பிலிருந்து மேலுடம்பை, மாவாட்டும் குழவிபோல், ஒரு பக்கமாக 21 தடவை சுழற்றுங்கள். பிறகு எதிர்ப்பக்கமாக 21. மூலத்தில் நெஞ்சு முழங்காலைத் தாண்டும் அளவுக்குச் சாயச் சொல்கிறார்கள். இடுப்புவலிக்காரர்கள் சின்ன வட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், நாற்காலியிலேயே செய்யலாம்.

அவ்வளவுதான். நிதானமாகச் செய்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். பழைய குறிப்பு ஒரே அமர்வில் இதை மூன்று தடவை, மூன்று நாள் கழித்து ஐந்து தடவை, இன்னும் மூன்று நாளில் ஏழு தடவை என்று ஏற்றச் சொல்கிறது, அதுவும் காலை, மதியம், இரவு. நடக்கிற காரியமா? முதல் மாதம் காலையில் ஒரு தடவை போதும், விட்டுப்போகாமல் செய்தால். முடிந்ததும் ஒரு தம்ளர் வெந்நீர் குடித்துவிட்டு, வந்தாலும் வராவிட்டாலும் கழிப்பறையில் ஐந்து நிமிடம் உட்காருங்கள்.

எவ்வளவு அழுத்துவது

முதல் இரண்டு வாரம் தோலும் அதற்கடியில் உள்ள கொழுப்பும் மட்டும் நகர வேண்டும். பழுத்த தக்காளியைக் கடையில் அமுக்கிப் பார்ப்போமே, அந்த அளவு. அதற்குப் பிறகு மூச்சு வெளியே போகும்போது கை தானாக இறங்கும் ஆழம் எதுவோ அது. உள்மூச்சில் வயிறு கையைத் தள்ளும், தள்ள விடுங்கள். முகம் சுருங்கினால், மூச்சு நின்றால், கால்விரல் மடங்கினால் அழுத்தம் அதிகம். 'நல்ல வலி' என்ற பேச்சு தோளுக்கும் கெண்டைக்காலுக்கும் பொருந்தலாம். வயிற்றுக்குப் பொருந்தாது, எலும்புக்கூடு காக்காத உறுப்புகள் அங்கே இருக்கின்றன.

நடுவில் வயிறு கடமுடவென்று சத்தம் போடும், ஏப்பம் வரும், வாயு பிரியும், கொட்டாவி வரும், தூக்கமும் வரும். எல்லாம் சரிதான். தோல் சிவந்து சற்று நேரத்தில் மறைவதும் இயல்பு. நீலம் பாய்ந்தாலோ மறுநாளும் வலித்தாலோ நீங்கள் என் முதல் நாள் தப்பைச் செய்திருக்கிறீர்கள். நான்கு நாள் விட்டுவிட்டு லேசாகத் தொடங்குங்கள்.

எதை எதிர்பார்க்கலாம்

மலச்சிக்கலுக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. 2009-இல் ஸ்வீடனில் 60 பேரை வைத்து 8 வாரம் நடத்திய ஆய்வில், வயிற்று மசாஜ் செய்துகொண்டவர்களுக்கு மலம் கழிவது அதிகரித்தது, வயிற்று உபாதை குறைந்தது. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்ட மலமிளக்கியின் அளவு குறையவில்லை. அதாவது மருந்துக்குத் துணையாக நிற்கும், மருந்தைத் தூக்கிப்போட வைக்காது. இத்தனைக்கும் அது ஐரோப்பிய மசாஜ். ஒன்பது சுற்று அல்ல.

எனக்கு என்ன நடந்தது என்றால், மூன்றாவது வாரத்தில் மூன்று நாள் ஒரு நாளானது. தண்ணீர் அதிகம் குடித்ததும் மாலையில் நடக்கத் தொடங்கியதும் அதே வாரங்களில்தான், ஆகவே முழுப் பெருமையையும் வயிறு நீவியதற்குக் கொடுக்க மாட்டேன். தூக்கம் சீக்கிரம் வருவது மட்டும் முதல் வாரத்திலேயே தெரிந்தது.

உள்ளுறுப்புகளில் தேங்கிய நச்சு கரையும், தொப்பை கரையும், கல்லீரலில் அடைந்த கோபம் வெளியேறும் என்றெல்லாம் விளம்பரங்களில் பார்ப்பீர்கள். தொப்பை கரையாது. கோபத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை, வீட்டில் கேட்டால் வேறு சொல்வார்கள்.

இன்னொருவருக்குச் செய்யும்போது

அம்மாவுக்கோ துணைக்கோ செய்ய ஆசை வரும். அவரது வலது பக்கத்தில் மண்டியிட்டு உட்காருங்கள். நின்றுகொண்டு மேலிருந்து அழுத்தினால் உடல் எடை முழுதும் இறங்கிவிடும். மேலே சொன்ன மூன்று நிமிடம் இங்கே இன்னும் அவசியம். அவர் மூச்சோடு உங்கள் மூச்சு சேரும்வரை கை அசையக் கூடாது. பிறகு ஷியாட்சுவில் செய்கிற ஓர் அசைவு மட்டும் போதும்: இரண்டு கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் வயிற்றை அந்தப் பக்கம் மெல்லத் தள்ளி, விரல்களால் இந்தப் பக்கம் இழுப்பது, படகின் துடுப்பைப்போல. ஐந்து நிமிடத்தில் பலர் குறட்டை விடுவார்கள். வயதானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அழுத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள், மேலே சொன்ன தடைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கைக்குழந்தைக்கு இதைச் செய்யாதீர்கள்.

தேர்ந்த கையிடம் ஒருமுறை படுத்து எழுந்தால் இங்கே எழுதியது பாதி உடனே விளங்கிவிடும். ஜப்பானில் அன்மா என்ற மரபான நீவல், மசாஜ், ஷியாட்சு செய்ய 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு உரிமம் வேண்டும், அதைக் கேட்டுப் பார்க்கலாம். மற்ற இடங்களில் வாரக்கடைசி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர்களும் கடை போட்டிருப்பார்கள். உங்கள் நோய், மருந்து, பழைய அறுவை சிகிச்சை பற்றி எதையும் கேட்காமல் வயிற்றில் கை வைக்க வருகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஜப்பானில் படுத்திருக்கும்போது வலித்தால் 'இதாய்' என்று ஒரு சொல் போதும். நான் கூச்சப்பட்டு அதைச் சொல்லாமல் இருந்தேன். நான் சொல்வதற்கு முன்பே முதியவரின் கை விலகிவிட்டது.